முதலில் மூட்டு நீரை எடுங்கள்: முழங்கால் ஊசி போடும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் முழங்கால் மூட்டுக்கு ஊசி போடும் எலும்பு மருத்துவர்களுக்கும், அவர்களுடைய மருத்துவமனைகளில் இரவுப் பணி பார்க்கும் இளம் டாக்டர்களுக்கும் வணக்கம்.

நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனை ஒன்றின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் நுட்புநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நீங்கள் உறிஞ்சி எடுத்து அனுப்பும் மூட்டு நீர் எங்கள் மேசைக்குத்தான் வரும். அதை ஸ்லைடில் தடவுவது, சாயம் ஏற்றுவது, கிருமி வளர்க்கும் தட்டில் கோடு இழுத்து இன்குபேட்டருக்குள் வைப்பது, மறுநாள் காலையில் டீ குடிக்கும் முன்பே மூடியைத் திறந்து பார்ப்பது எல்லாம் நாங்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். அதைவிடப் பெரிய உரிமை ஒன்றும் இருக்கிறது: என் அக்காவின் முழங்கால்.

அக்கா தென்காசி மாவட்டத்தில் ஒரு சிறு ஊரில் இருக்கிறாள். வயது அறுபத்தேழு. பதினாறு வயதில் மடியில் ஏறிய பீடித் தட்டு ஐம்பத்தைந்தில்தான் இறங்கியது. தரையில் காலை மடக்கி உட்கார்ந்தே வாழ்ந்தவளுக்கு மூட்டு தேய்ந்திருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பக்கத்து நகரத்துத் தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, வாரம் ஒன்றாக மூன்று ஜெல் ஊசி போடலாம் என்றார்கள். ஊசி ஒன்றுக்கு ஆறாயிரம் ரூபாய். முதல் ஊசிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது ஊசியை ஒரு திங்கட்கிழமை காலையில் போட்டுக்கொண்டாள். செவ்வாய் சாயங்காலம் அவள் மகன் எனக்கு போன் செய்தான். "சித்தி, அம்மாவின் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. காலைத் தொடவே விட மாட்டேன் என்கிறாள்."

காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. நடுக்கம்? இல்லை. மதியம் சாப்பிட்டாளா? சாப்பிட்டாள், திட்டவும் செய்கிறாள். உடனே ஊசி போட்ட இடத்துக்கே கூட்டிப் போ, மூட்டில் இருந்து நீர் எடுத்துப் பார்க்கச் சொல் என்றேன். கூட்டிப் போனான். இரவுப் பணியில் ஓர் இளம் டாக்டர் இருந்தார். முட்டியைத் தொட்டுப் பார்த்தார், சுடுகிறது. ரத்தம் எடுத்தார்கள், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி அளவு அறுபதைத் தாண்டியிருந்தது. "இன்ஃபெக்ஷன் ஆகிவிட்டது" என்றார். அரை மணி நேரத்தில் கை நரம்பில் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஏறியது, கூடவே அமிக்காசின் என்ற இன்னொன்று. மூட்டில் இருந்து ஒரு சொட்டு நீர்கூட எடுக்கவில்லை. பெரிய டாக்டர் வெளியூர் போயிருந்தார். வெள்ளிக்கிழமை வந்து அவரே நீர் எடுத்தார். அதற்குள் ஆறு வேளை மருந்து உள்ளே போயிருந்தது. வீக்கமும் பாதி வடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அறிக்கை வந்தது: கிருமி எதுவும் வளரவில்லை.

அந்த வரியைப் படித்ததும் அங்கே எல்லோரும் சொன்னதை அக்கா மகன் அப்படியே என்னிடம் ஒப்பித்தான்: "பார்த்தீர்களா சித்தி, மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டு, மூன்றாம் நாள் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி, "கிருமியே இல்லை, நல்ல வேளை பவுடர் போட்டோம்" என்று சொல்வதைப் போன்றது இது. அந்தக் கிணற்றில் முதலிலேயே கிருமி இருந்ததா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு எடுத்த நீரில் ஒன்றும் வளராவிட்டால், கிருமி இருந்து செத்திருக்கலாம், இருந்தும் மருந்தில் அடங்கி வளராமல் இருக்கலாம், இல்லாமலே இருந்திருக்கலாம். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல எந்த ஆய்வகத்தாலும் முடியாது. முதல் வேளை மருந்துக்கு முன்னால் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் பிரித்துச் சொல்லியிருக்கலாம். இந்த மடலில் நான் கேட்பது அந்தப் பத்து நிமிடத்தைத்தான்.

உங்களுக்குத் தெரிந்ததை உங்களுக்கே பாடம் நடத்துவது அழகல்ல. ஆனால் இதைப் படிக்கும் நோயாளிகளும் இருப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜெல் ஊசியில் இருப்பது ஹயலூரோனிக் அமிலம். நம் மூட்டு நீருக்கு வழவழப்பைக் கொடுக்கும் அதே பொருள்தான். நல்ல மூட்டு நீரை ஒரு சொட்டு ஊசி முனையில் இருந்து விட்டால் பாகு போலச் சில சென்டிமீட்டர் கம்பியாக நீளும். மூட்டு தேயும்போது அந்தப் பதம் போய் நீர்த்துவிடுகிறது. அதற்கு ஈடாக வெளியிலிருந்து ஊற்றுகிறார்கள். சில கம்பெனிகள் இதைச் சேவல் கொண்டையிலிருந்து எடுக்கின்றன, சில பாக்டீரியாவை வளர்த்து அதிலிருந்து எடுக்கின்றன. மூட்டில் கூடுதல் நாள் தங்கட்டும் என்று அதன் இழைகளை ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாக்கிய வகைகளும் உண்டு. அமெரிக்காவில் இந்த ஊசிகளுக்கு 1997-இல் அனுமதி கிடைத்தது. அமெரிக்க எலும்பு மருத்துவர்களின் கழகமே 2013-இல் இதைப் பரிந்துரைக்க இயலாது என்று எழுதியது. 2021-இல் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்றது. அது வேறு சண்டை, இன்றைக்கு அதில் இறங்கவில்லை.

இந்த ஜெல்லை உடம்பு சில பேரிடம் அந்நியன் என்று எடுத்துக்கொண்டுவிடுகிறது. ஊசி போட்ட ஓரிரு நாளில், பொதுவாக மூன்று நாளுக்குள், மூட்டு திடீரென்று வீங்கிச் சுட்டு, காலை மடக்கவோ நீட்டவோ முடியாமல் போகிறது. முதல் ஊசியில் அல்லாமல் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ, அல்லது அடுத்த சுற்று போடும்போதோ வருவதுதான் அதிகம். முதல் தடவையில் உடம்பு அதை அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறது என்று விளக்கம் சொல்கிறார்கள். அக்காவின் முட்டி காட்டியதும் எழுத்துக்கு எழுத்து இந்த அடையாளங்களைத்தான். பார்ப்பதற்குச் சீழ் பிடித்த மூட்டைப் போலவே இருப்பதால் ஆங்கில மருத்துவ நூல்கள் இதற்குப் 'போலிச் சீழ் மூட்டு' என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கின்றன. நீரை உறிஞ்சி எடுத்து, பனிக்கட்டி ஒத்தடம் கொடுத்து, ஓய்வும் வீக்கம் குறைக்கும் மாத்திரையும் தந்தால் சில நாளில் அடங்கும். கிருமி இல்லை என்பது உறுதியான பிறகு மூட்டுக்குள் ஸ்டீராய்டும் போடுவார்கள். இதில் ஆன்டிபயாடிக்குக்கு வேலையே இல்லை.

ஸ்டீராய்டு ஊசிக்கும் இதைப் போன்ற ஒரு கூத்து உண்டு. மருந்தின் நுண்ணிய படிகங்களே மூட்டுச் சவ்வை உறுத்தி, ஊசி போட்ட அன்று இரவோ மறுநாளோ வலியைக் கிளப்பும். இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கும். இன்னொரு பக்கம், மூட்டுக்குள் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்த யூரிக் அமிலப் படிகமோ கால்சியம் படிகமோ ஊசி குத்திய சலனத்தில் விழித்துக்கொள்ளலாம். இவற்றைக் கண்டுபிடிக்கும் வழி புதிதல்ல. 1961-இலேயே மெக்கார்ட்டி, ஹாலண்டர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் இருவர், ஒரே திசையில் அதிரும் முனைவாக்கிய ஒளியைக் கொண்ட நுண்ணோக்கியில் மூட்டு நீரைப் பார்த்து யூரேட் ஊசிகளை, அதாவது யூரிக் அமிலப் படிகங்களை, காட்டிவிட்டார்கள்.

அந்த நுண்ணோக்கி எங்கள் ஆஸ்பத்திரியில் கிடையாது. பல ஆண்டு எழுதிக் கேட்டும் வரவில்லை. கடைசியில் எங்கள் பேராசிரியர் மதுரையில் ஒரு அறிவியல் கருவிக் கடையில் போலராய்டு தாள் வாங்கி வந்தார். சிறு வட்டமாக வெட்டி, ஒன்றை விளக்கின் மேல் வைத்தோம். இன்னொன்றைக் கண்வில்லைக்குள் போட்டோம். மேலே உள்ளதைத் திருகத் திருக வெளிச்சம் மங்கி, பார்வைப் பரப்பு முழுவதும் அமாவாசையாக இருட்டும். அந்த இருட்டில் வெள்ளணுவுக்குள் குத்திக்கொண்டு நிற்கும் யூரேட் ஊசிகள் மட்டும் பளிச்சென்று எரியும். நான் முதன்முதலில் பார்த்த அன்று வேலையை விட்டுவிட்டு எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு துண்டுத் தாள் செய்த வேலை அது. ஒரே எச்சரிக்கை: முந்தைய நாள் போட்ட ஸ்டீராய்டின் படிகமும் இதே போலத்தான் எரியும். என்ன ஊசி, என்றைக்குப் போட்டது என்று நீங்கள் படிவத்தில் எழுதாவிட்டால் நாங்கள் ஏமாந்துபோவோம். படிவத்தில் 'முழங்கால் நீர்' என்ற இரண்டு சொல்லை மட்டும் எழுதி அனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பேன்!

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது பொய்ப் பயம் என்று நான் சொல்லவில்லை.

ஒரு கொத்தனார். நீரிழிவுக்காரர். எங்கேயோ யாரிடமோ முட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டு, ஐந்தாம் நாள் எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரப்பட்டார். சிரிஞ்சில் வந்தது நீர் அல்ல, கடைந்து விட்ட தயிர். கிருமியை நிறத்தில் காட்டும் கிராம் சாயம் ஏற்றிப் பார்த்தால் பார்வைப் பரப்பெங்கும் ஊதா நிறத்தில் திராட்சைக் கொத்துகள். ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற சீழ்க் கிருமி. பதிவேட்டில் எழுதும் முன்பே வார்டுக்கு போன் செய்தோம். அன்று சாயங்காலமே அறுவை அரங்கில் மூட்டைத் திறந்து கழுவினார்கள். மறுநாள் ரத்த அகார் தட்டில் பொன்னிறப் புள்ளிகளாகக் கிருமி வளர்ந்து நின்றது. கால் தப்பியது, முட்டி பழையபடி மடங்கவில்லை. சீழ் பிடித்த மூட்டில் குருத்தெலும்பு நாள் கணக்கில் அரிக்கப்பட்டுவிடும் என்பதை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவள் அல்ல. அப்படிப்பட்ட மூட்டுக்கு ஆன்டிபயாடிக் தாமதிப்பது குற்றம். ஆகவே என்னை 'ஆன்டிபயாடிக் வேண்டாம்' கட்சியில் சேர்த்துவிடாதீர்கள்.

அந்தக் கொத்தனாருக்கும் முதலில் நீரைத்தான் எடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். எடுத்ததால்தான் எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று இரண்டு நாளில் தெரிந்து, அகலமாக அடித்துக்கொண்டிருந்த மருந்தை மாற்றிக் குறிபார்த்து அடிக்க முடிந்தது. உண்மையான சீழுக்கும் போலிச் சீழுக்கும் முதல் படி ஒன்றே. நோயாளிக்குக் காய்ச்சலும் நடுக்கமும் இருக்கிறதா, நீரிழிவோ நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தோ இருக்கிறதா, சிரிஞ்சில் வந்தது கலங்கிக் கிடக்கிறதா, மனம் ஒப்பவில்லையா? நீரை எடுத்த கையோடு மருந்தைத் தொடங்குங்கள். அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். நோயாளி தெளிவாக உட்கார்ந்து திட்டிக்கொண்டிருக்கிறாரா, ஊசி போட்டு ஒன்றரை நாள்தான் ஆகிறதா, ஸ்லைடில் கிருமி தென்படவில்லையா? அவரைப் படுக்கையில் வைத்துக் கண்காணித்துக்கொண்டு பொறுத்திருப்பதா, தொடங்குவதா என்பது உங்கள் அனுபவத்தின் முடிவு. அதில் நான் தலையிட மாட்டேன். நீர் எடுக்காமல் தொடங்குவதில் மட்டும் தலையிடுவேன்.

எந்த ஒரு எண்ணும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கன மில்லிமீட்டருக்கு 50,000 வெள்ளணுக்களைத் தாண்டினால் சீழ் என்று சந்தேகி என்பது வகுப்பில் சொல்லிக் கொடுப்பது. ஜெல்லின் எதிர்வினையிலும் எண்ணிக்கை பல்லாயிரங்களில் ஏறும். கிராம் சாயத்தில் கிருமி தெரியாவிட்டால் கிருமி இல்லை என்றும் ஆகாது. உண்மையான சீழ் மூட்டுகளிலேயே பாதிக்கும் மேல் ஸ்லைடு கைவிரித்துவிடுவது உண்டு. சிஆர்பியோ எதற்கும் ஏறும். அதனால்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேர்த்துப் பார்க்க எல்லாம் கையில் இருக்க வேண்டும். கையில் இருக்க முதலில் எடுத்திருக்க வேண்டும்.

"இரவில் லேப் மூடியிருக்கும், எடுத்து என்ன செய்ய?" என்று இளம் டாக்டர்கள் கேட்பார்கள். என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நீரில் ஒரு பங்கை ரத்தக் கல்ச்சர் பாட்டிலுக்குள் படுக்கையருகிலேயே செலுத்திவிடுங்கள். தனிக் குழாயில் அனுப்புவதைவிட அதில் கிருமி பிடிபடும் வாய்ப்பு அதிகம். காலை வரை வெளியிலேயே இருக்கட்டும். தயவுசெய்து ஃபிரிட்ஜில் இன்சுலினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள். குளிரில் செத்துப்போன கிருமியை நாங்கள் எழுப்ப முடியாது. இன்னொரு பங்கை ஊதா மூடிக் குழாயில் விட்டு மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், அது அணுக்களை எண்ணுவதற்கு. மிச்சத்தில் ஒரு சொட்டை ஸ்லைடில் தடவிக் காயவைத்துவிட்டால் சாயம் ஏற்றுவது கால் மணி நேர வேலை. ஜெல் போட்ட மூட்டில் நீர் கெட்டியாக இருக்கும், மெல்லிய ஊசியில் வராது, பதினெட்டாம் எண் ஊசியை எடுங்கள். இன்னொன்றும் உண்டு: அந்த நீரை எடுப்பதே வலிக்கு மருந்து. அக்காவுக்கு வெள்ளிக்கிழமை நாற்பது மில்லி எடுத்த பிறகுதான் மூன்று நாள் கழித்துக் காலை நீட்டிப் படுத்தாள். அதை செவ்வாய் இரவே செய்திருக்கலாம்.

ஆய்வகத்தில் இருக்கும் என் சகாக்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளணுக்களை எண்ண வழக்கமாகக் கலக்கும் அசிட்டிக் அமிலத்தை மூட்டு நீரில் ஊற்றாதீர்கள். திரிந்த பால் போலக் கட்டி தட்டி, அணுக்கள் அதற்குள் மாட்டிக்கொள்ளும்; எண்ணிக்கை பொய் சொல்லும். ஜெல் போட்ட மூட்டு என்றால் கேட்கவே வேண்டாம். சாதாரண உப்புநீரில் கலந்து எண்ணுங்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் பிப்பெட்டுக்குள் ரப்பர் போல உறைந்து, பிப்பெட்டையே தூக்கிப்போட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

தொடங்கிய மருந்தை நிறுத்துவதுதான் இதைவிடக் கடினம் என்று எனக்குத் தெரியும். தொடங்க ஒரு நிமிடம் போதும். நிறுத்த தைரியம் வேண்டும், ஏனென்றால் நிறுத்திய பின் ஏதாவது ஆனால் கேள்வி கேட்பார்கள். பத்து நாள் எழுதிக்கொடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். பெரும்பாலான கிருமிகள் இரண்டு நாளில் தட்டில் தலைகாட்டிவிடும். மெதுவாக வளர்பவற்றுக்காக ஐந்து நாள்வரை வைத்துப் பார்ப்போம். மருந்துக்கு முன் எடுத்த நீரில் இரண்டு நாளாக ஒன்றும் இல்லை, நோயாளியும் தேறிவருகிறார் என்றால் அந்த இடத்தில் ஒரு முறை உட்கார்ந்து யோசிக்க வேண்டும், கேஸ் தாளில் எழுதவும் வேண்டும். அக்காவின் கதையில் அந்த உட்காருதல் நடக்கவே இல்லை. கல்ச்சரில் எதுவும் இல்லாமலே பத்து நாளுக்கு லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறாம் நாள் குதிகாலுக்கு மேலே நரம்பு இழுத்தது போல வலி. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வகை மருந்து தசைநாணைப் பதம் பார்க்கும், ஸ்டீராய்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே கருப்புக் கட்டம் போட்டு எச்சரித்த விஷயம். போன் செய்து சொன்னோம். லீவோஃப்ளாக்சசினை நிறுத்தச் சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாக செஃபிக்ஸிம் எழுதினார்கள். எதற்காக என்று அக்கா மகன் கேட்டான். "கோர்ஸை முடிக்க வேண்டும் அல்லவா?" என்று பதில் வந்தது. முட்டி வலிக்குப் போனவள் குதிகால் வலியோடும் வயிற்றுப்போக்கோடும் கிடந்தாள்.

நம் ஊரில் லீவோஃப்ளாக்சசினுக்கு இன்னொரு பாவமும் உண்டு. அது காசநோய்க் கிருமியையும் பாதி அடக்கும். முழங்காலில் காசம் வருவது நம் நாட்டில் அதிசயமல்ல. மாதக் கணக்கில் வீங்கிய முட்டியோடு, ஊர் ஊராக மாறி மாறி இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்களின் நீரில் காசக் கிருமியைத் தேடி எட்டு வாரம் குப்பியை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறேன்.

நான் 1992-இல் வேலைக்குச் சேர்ந்தபோது ஈ. கோலை என்ற குடல் கிருமியை வளர்த்த தட்டில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் தோய்த்த வில்லையை வைத்தால், மறுநாள் அதைச் சுற்றி நிலாவுக்குக் கோட்டை கட்டியது போல ஒரு பெரிய வெற்று வட்டம் இருக்கும். அளவுகோலை வைத்து மில்லிமீட்டர் கணக்கு எழுதுவோம். ஆண்டுக்கு ஆண்டு அந்த வட்டம் சுருங்கியது. ஓய்வு பெறும் காலத்தில் பல தட்டுகளில் அளவுகோலை எடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. கிருமி வில்லையின் விளிம்புவரை வந்து முட்டிக்கொண்டு நின்றது. உலகத்தில் 2019-இல் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக 'லான்செட்' இதழில் வந்த கணக்கைப் படித்தபோது எனக்கு அந்தத் தட்டுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

இதற்கெல்லாம் விதிகள் இல்லாமல் இல்லை. நம் சென்னையிலேயே 2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடி, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளைச் சமாளிக்க ஒரு பிரகடனம் வெளியிட்டன. செஃப்ட்ரியாக்சோன், லீவோஃப்ளாக்சசின் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 'கவனித்துப் பயன்படுத்து' என்ற பட்டியலில்தான் வைத்திருக்கிறது. ஆன்டிபயாடிக் எழுதும்போது எதற்காக எழுதுகிறோம் என்ற காரணத்தையும் கட்டாயம் குறிப்பிடுங்கள் என்று 2024 ஜனவரியில் மத்திய சுகாதாரச் சேவைகளின் தலைமை இயக்குநர் மருத்துவக் கல்லூரிகளுக்குக் கடிதமே எழுதினார். அந்தக் கடிதத்தை மனதில் வைத்துக்கொண்டு அக்காவின் மருந்துச் சீட்டுகளைப் புரட்டினேன். நான்கு ஆன்டிபயாடிக், ஒரு காரணமும் இல்லை.

காரணத்தை எழுதுவது கிருமிகளுக்காக மட்டும் அல்ல. தவறான பெயர் நோயாளியை விடாமல் துரத்துகிறது. அக்காவின் டிஸ்சார்ஜ் தாளில் 'வலது முழங்கால் சீழ் மூட்டழற்சி' என்று இருக்கிறது. ஜெல் ஊசி என்ற சொல்லே அதில் இல்லை. விளைவு என்ன தெரியுமா? ஒரு மாதம் கழித்து அதே மருத்துவமனையில் இருந்து போன் வந்தது: "அம்மாவுக்கு இன்னும் ஒரு ஊசி பாக்கி இருக்கிறது, இன்ஃபெக்ஷன் குணமாகிவிட்டதால் வந்து போட்டுக்கொள்ளலாம்." பணமும் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்பதால் அக்கா கிளம்பியும்விட்டாள். நான் பேருந்து நிலையத்தில் வைத்து மறிக்காத குறைதான். ஒரு முறை இப்படிப் பொங்கிய மூட்டில் அதே ஜெல்லை மறுபடி போட்டால் மறுபடி பொங்கக்கூடும் என்ற எச்சரிக்கை, அந்தத் தாளில் இருந்திருக்க வேண்டிய ஒரே முக்கியமான தகவல். 'கிருமி' என்ற சொல் அதை மூடிவிட்டது.

ஊசி போடும் முன் நோயாளியிடம் இரண்டு வாக்கியம் சொல்லி அனுப்புங்கள். மூன்று நாளுக்குள் முட்டி வீங்கிச் சுட்டால் மருந்துக்கடைக்குப் போகாமல், பழைய மாத்திரை எதையும் போடாமல், நேராக இங்கே வாருங்கள் என்று ஒன்று. வந்ததும் என்ன ஊசி போட்டது என்று காட்டுங்கள் என்று இன்னொன்று. சிரிஞ்சு வந்த பெட்டியில் மருந்தின் பெயரும் தொகுப்பு எண்ணும் உள்ள ஒட்டுச்சீட்டு இருக்கிறது. அதை நோயாளியின் நோட்டில் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். இரவுப் பணி டாக்டருக்கோ, பெரிய டாக்டர் வரும்வரை காத்திராமல் மூட்டு நீர் எடுக்கலாம் என்ற அனுமதியும், அதற்கான ஊசியும் குழாய்களும் பாட்டிலும் வைத்த ஒரு தட்டும் போதும். அந்தச் செவ்வாய் இரவு இருந்த பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் அனுமதி தந்திருக்கவில்லை, பயம் மட்டும் தந்திருந்தார்கள்.

இதைப் படிக்கும் நோயாளிகள் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். டாக்டர் தொடங்கிய ஆன்டிபயாடிக்கை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூட்டில் நீர் எடுத்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

அக்காவுக்கு இப்போது மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்யலாம் என்று பார்க்கிறோம். போன வாரம் திருநெல்வேலியில் ஒரு மருத்துவரிடம் கூட்டிப் போனேன். அவர் பழைய தாளைப் படித்துவிட்டு, சீழ் பிடித்த மூட்டு என்றால் யோசித்துத்தான் செயற்கை மூட்டு வைக்க வேண்டும் என்றார். சரியாகத்தான் சொன்னார். "எந்தக் கிருமி?" என்று கேட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் நடந்ததைத் தேதி வாரியாகச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, முட்டியில் இருந்து மறுபடி நீர் எடுக்க வேண்டும், ரத்தப் பரிசோதனைகளும் வேண்டும், அதற்கு முன் இரண்டு வாரம் எந்த ஆன்டிபயாடிக்கும் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

ஊசி போட்ட மருத்துவமனைக்கு டிஸ்சார்ஜ் தாளைத் திருத்தித் தருமாறு கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருத்தி